கையில் ஒட்டியது

கனகு,

ஒரகடம் கம்பெனி பஸ் வந்துவிட்டது, கிளம்புகிறேன். இட்லி சாப்பிட்டு மாத்திரையும் போட்டாயிற்று.

நேற்று விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை முந்நூறு. போனில் இருக்கும் சுகர் ஆப், “கையைக் கழுவிவிட்டு மீண்டும் பரிசோதிக்கவும்” என்றது. கழுவினேன், நூற்றெழுபதுதான். “பாத்தியா, நான் ஸ்வீட்டே தொடலன்னு சொன்னேன்ல!” என்று குதித்தேன். நீ நிதானமாகக் கேட்டாய்: “அப்ப கையில இன்னா ஒட்டிக்கினு இருந்துச்சு?”

கம்பெனி அசெம்பிளி லைனில் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் என் தப்பை நானே நிரூபித்துவிட்டு, உன்மேல் கோபித்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

தாண்டவராயன்

பி.கு.: வண்டிச் சாவி ஆணியில் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் மைசூர்பாகு டப்பா. மாடி ரூம் பசங்களுக்குக் கொடுத்துவிடு. எத்தனை குறைகிறது என்று மட்டும் எண்ணாதே.