முதலாம் கியரும் றிவேர்சும்

ஜேர்மனி,
14.09.1991

அன்பின் மச்சான் முத்துக்குமாருவுக்கு,

பஞ்சலிங்கம் எழுதுகிறேன். குளிரைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீ, பாலேஸ்வரி, பிள்ளைகள் எல்லோரும் எப்படி? செஞ்சிலுவைக்காரரின் கப்பலில் கடிதங்கள் யாழ்ப்பாணம் போகிறதாம். அதை நம்பித்தான் பேனையை எடுத்தேன்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். கார் ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறேன். சிரிக்காதே. என் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டை விற்றுவிட்டு விமானம் ஏறி மூன்று வருடமாகிறது. பன்னிரண்டு வருடம் சாவகச்சேரி கார் ஸ்ராண்டில் உன்னுடைய காருக்குப் பக்கத்தில் கார் விட்டு வாடகைக்கு ஹயர் ஓடியவன், எத்தனை நாளைக்குக் கால்நடையாகத் திரிவது?

இரண்டு கார் இருக்கிறது. ஒன்று வெள்ளை பென்ஸ். சீற்றில் இருந்தால் எழும்ப மனம் வராது. இடது காலுக்கு வேலையே இல்லை, கிளச் கிடையாது. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் முழுக்கச் செத்துவிடும். மற்றது நீல பி.எம்.டபிள்யூ. சீற்று இறுக்கம், ஆளைப் பிடித்து வைத்திருக்கும். முதலாம் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால், நாய்க்குட்டி சங்கிலியை இழுக்கிற மாதிரி இழுக்கும். சுகமா, துடிப்பா? எனக்கு முடிவு எடுக்கத் தெரியவில்லை. உனக்குத்தான் காரைப் பற்றித் தெரியும்.

கொழும்புக்கு ஹயர் போய்த் திரும்பினால் சந்தியிலேயே இரண்டு ஹோர்ன் அடிப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அது கேட்கும்வரை மற்றவன் வீட்டுக்குப் போகமாட்டான். இங்கே ஹோர்ன் அடித்தால் ஏசுகிறார்கள்.

உன் மச்சான்,
பஞ்சலிங்கம்


சாவகச்சேரி,
20.11.1991

அடே பஞ்சு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. இரண்டு மாதம் எங்கே தூங்கியதோ தெரியாது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இப்போதைக்கு இங்கே சுகம் என்றால் அதுதான்.

கடிதத்தை ஸ்ராண்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். கோபிக்காதே. பெற்றோல் இல்லாமல் நாளுக்கு ஒரு ஹயரும் ஓடாமல் வேப்பமரத்துக்குக் கீழே ஈ ஓட்டிக்கொண்டு இருந்த சனம், நேற்றுப் பின்னேரம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. "பென்சை எடுக்கச் சொல்லு, இடுப்பு நாரி நோகாது" என்று சிவக்கொழுந்து அண்ணை ஒரு பக்கம். "இளந்தாரிப் பெடியன், பறக்கிற காரை எடுக்கட்டுமன்" என்று லியோன் மறுபக்கம். நாற்பத்தொரு வயதில் நீ இளந்தாரியாம்! கடைசியில் சிவக்கொழுந்து அண்ணை எழும்பி, "உவனுக்கென்ன, ரெண்டையும் கையிலை வைச்சுக்கொண்டு எங்களைக் கேக்கிறான்" என்று சொல்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஸ்ராண்டில் சிரிப்புக் கேட்டு எத்தனை மாதம் தெரியுமா?

என்னுடைய கேம்பிரிட்ஜ் கார் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. கார்பரேட்டருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். போகிற வழியெல்லாம் புகை. ஆஸ்பத்திரிக்கு வருத்தக்காரரை ஏற்றினால், வருத்தம் எது, புகை எது என்று தெரியாமல் இருமுகிறார்கள். எந்தப் பக்கம் விட்டாலும் கொஞ்ச நேரத்தில் ரோட்டு முடிந்துவிடும். வடக்கே கடல். தெற்கே ஆனையிறவில் ஆமிக் காம்ப். இதற்குள்ளேயே திரும்பத் திரும்ப. வெளியே போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், பிறகு கிளாலியில் வள்ளம் ஏற வேண்டும். கொழும்பு ரோட்டு இருந்ததையே கேம்பிரிட்ஜ் மறந்திருக்கும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். சீற்றையும் கதவையும் வைத்துக் கார் எடுக்கிறவன் மாப்பிள்ளை, டிரைவர் இல்லை. நீலத்தை மூன்றாம் கியரில் வளைவு எடுத்துப் பார்த்தாயா? ஐம்பது மைல் வேகத்தில் பிறேக் பிடித்தாயா? பென்சில் நூறு மைல் ஓடி இறங்கினாயா? எங்கே கொண்டுபோனாய் என்று எழுது.

பென்சின் கதவைச் சாத்தினால் குண்டு போடுகிற பொம்மர் சத்தமும் கேட்காதோ? பாலேஸ்வரி கேட்கச் சொன்னாள்.

முத்துக்குமாரு


ஜேர்மனி,
25.01.1992

அன்பின் முத்துக்குமாருவுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். ஸ்ராண்டில் சிரித்ததை எழுதினாயே, அந்த இடத்தை மட்டும் பத்துத் தரம்.

பாலேஸ்வரியிடம் சொல்லு, கேட்காது. பென்சின் கதவு அப்படி. பக்கத்தில் நின்று ஒருவன் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். நான் சில வேளை எங்கேயும் போகாமல் சும்மா கதவைச் சாத்திவிட்டு இருப்பேன்.

நீலத்தின் ஸ்ரியறிங் பாரமில்லை. போன கிழமை இரண்டு காருக்கு நடுவே ஒரு விரல் இடைவெளியில் றிவேர்ஸ் எடுத்து விட்டேன். பார்த்துக்கொண்டு நின்ற வெள்ளைக்காரன் தலையை ஆட்டினான். சாவகச்சேரிச் சந்தையில் மாட்டு வண்டிலுக்கும் மரக்கறிக் கூடைக்கும் நடுவே விட்டவனுக்கு இது என்ன?

ஓட்டத்தைப் பற்றிப் பிறகு விபரமாக எழுதுகிறேன். பனி கொட்டுகிறது, தூரம் போகிற காலமில்லை. முடிவு இன்னும் எடுக்கவில்லை. சிவக்கொழுந்து அண்ணையிடமும் லியோனிடமும் இரண்டு கட்சியும் சமமாக நிற்கிறது என்று சொல்லு.

உன்,
பஞ்சலிங்கம்


சாவகச்சேரி,
22.03.1992

பஞ்சு,

இந்தக் கடிதத்தை ஸ்ராண்டில் வாசித்துக் காட்டவில்லை. காரணம் இருக்கிறது.

நான் கேம்பிரிட்ஜை விற்கப் போகிறேன். கொடிகாமத்தில் தேங்காய் யாவாரம் செய்கிற ஒருவர் கேட்டுவிட்டார். ஆனி மாதம் முதலாந் திகதி வந்து எடுப்பார். அந்தக் காசோடு ஏஜென்சியைப் பிடித்து உன்னிடம் வருவதென்று தீர்மானித்துவிட்டேன். பாசுக்கு ஆள் பிணை நிற்க பாலேஸ்வரியின் தமையன் சம்மதித்திருக்கிறார். அவளும் பிள்ளைகளும் உரும்பிராயில் அவர் வீட்டில் இருப்பார்கள்.

உன் கடிதங்கள்தான் என்னை எழுப்பிவிட்டது. மூன்று வருடத்தில் நீ பென்சா பி.எம்.டபிள்யூவா என்று யோசிக்கிறாய். நான் மண்ணெண்ணெயா புகையா என்று யோசிக்கிறேன். போன கிழமை ஒரு பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு போகும்போது பொம்மர் வந்தது. காரை மரத்துக்குக் கீழே விட்டுவிட்டு அவளையும் இறக்கி வாய்க்காலுக்குள் படுத்தோம். பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆனால் எத்தனை நாளைக்கு மச்சான்?

வந்தால் முதல் மாதம் உன்னோடுதான் தங்குவேன். நீ எடுக்காத மற்றக் காரை எனக்குப் பேசி வை.

விற்கக்கூடாது என்று உனக்குப் பட்டால் இப்போதே சொல்லு. ஆனி முதலாந் திகதிக்குப் பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை.

முத்துக்குமாரு


விமான நிலையம்,
19.05.1992

முத்துக்குமாரு,

விற்காதே. முதலில் இதை வாசி: காரை விற்காதே.

உன் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. தபாலில் போட்டால் பதில் உனக்கு ஆடியில் கிடைக்கும். இங்கே இருக்கிற குருநகர் லூர்த்தம்மா அக்கா இன்றைக்குத் தாயைப் பார்க்க ஊருக்குப் பறக்கிறார். அவருடைய கையில் கொடுக்கத்தான் இங்கே வந்திருக்கிறேன். மர வாங்கில் குந்தி, முழங்காலில் வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அதனால்தான்.

எனக்குக் காரில்லை மச்சான். வாங்கவும் முடியாது. நான் ஒரு கார்க்கடையில் கார் கழுவுகிறேன். பின்வளவில் கழுவித் துடைத்து முன்னாலே கண்ணாடிக்குள் கொண்டுபோய் விடுவது என் வேலை. நாற்பது மீற்றர். நான் எழுதிய வெள்ளையும் நீலமும் உண்மையான கார்கள்தான். சீற்று உண்மை. கதவு உண்மை. அந்த நாற்பது மீற்றருக்கு அப்பால் அவற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

இருப்பது அகதி முகாமில். ஒரு அறைக்குள் ஆறு பேர். என் வழக்கு இன்னும் முடியவில்லை. அது முடியும்வரை இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. ரோட்டோரத்தில் ஒரு மஞ்சள் பலகை, அதைத் தாண்டுவதென்றால் அரசாங்கக் கந்தோரில் அனுமதிக் கடுதாசி எடுக்க வேண்டும். போன வருடம் ஒரு கலியாண வீட்டுக்குத் தாண்டிப் போய்ப் பிடிபட்டேன். இன்னொருக்கால் பிடிபட்டால் வழக்குக்கே கூடாது என்று வழக்குப் பேசுகிற அப்புக்காத்து சொல்லியிருக்கிறார். ஆனையிறவு உனக்கு மட்டும் இல்லை.

முதல் கடிதம் விளையாட்டாக எழுதியது. கழுவி முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் இருந்தபோது, இது என்னுடைய கார் என்று நினைத்துப் பார்த்தேன். யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அடுத்த கடிதத்தில் உண்மையை எழுதலாம் என்றுதான் இருந்தேன். நீ ஸ்ராண்டில் எல்லாரும் சிரித்ததை எழுதினாய். அந்தச் சிரிப்பை எப்படியடா நான் திருப்பி வாங்குவேன்?

என் ஒக்ஸ்போர்ட்டை விற்ற காசில் வாங்கியது இந்த அறையில் ஒரு கட்டில். கேம்பிரிட்ஜை விற்றால் நீ ஏழாவது ஆள். அதை வைத்திரு. அந்தப் பிள்ளைத்தாச்சி யாருடைய காரில் போயிருப்பாள்?

லூர்த்தம்மா அக்கா கூப்பிடுகிறார். கடுதாசி எடுக்காமல்தான் வந்தேன். எடுக்கப் போனால் ஒரு கிழமை செல்லும். திரும்பிப் போய்ச் சேர்ந்துவிடுவேன். யோசிக்காதே.

பொய் எழுதியதற்கு மன்னித்துக்கொள்.

பஞ்சலிங்கம்


சாவகச்சேரி,
11.06.1992

அன்பின் மச்சான் பஞ்சலிங்கத்துக்கு,

லூர்த்தம்மா அக்கா கிளாலியால் வந்து நேற்று ஸ்ராண்டுக்கே நேரே வந்தார். குருநகருக்குப் போகாமல், தாயைப் பார்க்காமல். கடிதத்தை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இதைத் தந்திட்டு அவர் திரும்ப, ரெண்டு பொலிஸ்காரர் வந்து பேப்பர் கேட்டவங்கள். என்னை உள்ளுக்குப் போகச் சொல்லிப் போட்டாங்கள். கண்ணாடிக்குள்ளாலை பாக்கிறன், அவரைக் கூட்டிக்கொண்டு போறாங்கள். அவர் என்னைப் பாத்து, போங்கோ போங்கோ எண்டு கை காட்டினவர். பேந்து என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது."

பஞ்சு, எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எழுதாமல் விட்டால் நான் மனிதனில்லை.

கேம்பிரிட்ஜை வாங்க ஒருவரும் கேட்கவில்லை. கொடிகாமத்தில் தேங்காய் யாவாரியும் இல்லை, ஆனி முதலாந் திகதியும் இல்லை. பிணை நிற்க ஒருவரையும் நான் கேட்கவுமில்லை. எல்லாம் என் கற்பனை.

உன் இரண்டாவது கடிதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. மூன்றாம் கியரைக் கேட்டேன், நீ றிவேர்சை எழுதினாய். இரண்டு கடிதத்திலும் தேடிப் பார்த்தேன். முதலாம் கியர் இருக்கிறது, றிவேர்ஸ் இருக்கிறது, வேறு கியரே இல்லை. ஒரு ஊர்ப் பெயர் இல்லை, ஒரு மைல் கணக்கு இல்லை. பக்கத்திலுள்ள மட்டுவிலுக்குப் போய் வந்தாலே வழியில் கண்ட மாடு கன்று எல்லாம் சொல்லுகிறவன் நீ. இவன் எங்கேயோ அடைபட்டுக் கிடக்கிறான் என்று அப்போதே நினைத்தேன்.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னொரு பொய் எழுதுவாய் என்று நினைத்தேன். அதைவிட எனக்குக் கோபம். பன்னிரண்டு வருடம் ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்றவன் என்னிடமா மறைக்கிறான் என்ற ரோசம். காரை விற்கிறேன் என்று எழுதினால் பதறி உண்மையைக் கக்குவாய் என்று கணக்குப் போட்டேன். தபாலில் ஒரு கடிதம் வரும், நானும் சிரித்துக்கொண்டு உண்மையை எழுதலாம் என்று இருந்தேன். திகதி வேறு போட்டேனே, படுபாவி. நீ பலகையைத் தாண்டுவாய் என்று நினைக்கவில்லை. பலகை ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. உன்னுடைய பொய்யால் ஸ்ராண்டில் நாலு பேர் சிரித்தார்கள். என்னுடைய பொய் உன்னைப் பொலிசில் கொண்டுபோய் விட்டுவிட்டது.

பாலேஸ்வரிக்குச் சொன்னேன். அவள் சோற்றை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

இந்தக் கடிதத்தைப் பழைய விலாசத்துக்குத்தான் போடுகிறேன். நீ அங்கே இருக்கிறாயோ, வேறு எங்கேயும் கொண்டுபோனார்களோ, திருப்பி அனுப்பப் போகிறார்களோ, ஒன்றும் தெரியாது. அந்தக் கந்தோர்க்காரர் இதைப் பிரித்து யாரையாவது வைத்து வாசிப்பித்தாலும் சரி: அவன் தன் சுகத்துக்குப் போகவில்லை ஐயா. நான் சொன்ன பொய்யால்தான் அவன் போனவன்.

எந்தக் காரை எடுப்பதென்று கேட்டாய். நான் பதிலே சொல்லவில்லை. திரும்ப அந்த வளவுக்குள் உன்னை விட்டால், வெள்ளைக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு இரு. இரண்டு நிமிடம் போதாது, கொஞ்சம் கூட இரு.

மன்னிப்பு நீ கேட்டிருக்கிறாய். நான் கேட்க வெட்கமாக இருக்கிறது. வந்து சேர்ந்தேன் என்று மட்டும் ஒரு வரி எழுது, அது போதும். நேற்று ஆறு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சிவக்கொழுந்து அண்ணை கேட்டார், "என்னடா, வீட்டை போகேல்லையோ?" "நிக்கிறன் அண்ணை," என்றேன். "பஞ்சு இன்னும் ஹோர்ன் அடிக்கேல்லை."

உன்,
முத்துக்குமாரு