குலேந்திரனின் பிக்கப்

ஸ்காபரோ,
22.01.1994

அன்பு யூஜினிக்கு,

நீயும் மகளும் காய்ச்சல், தடிமன் இல்லாமல் இருக்கிறீர்களா? நான் நல்ல சுகம். குளிரை நினைத்துப் பயப்படாதே.

எங்கள் கராஜ் பொறுப்பாளன் குலேந்திரனை உனக்குத் தெரியும். "ட்ரக்ரர் திருத்தினவனுக்கு இஞ்ச என்ன வேலை? நீ வாசல்ல பனியை அள்ளு" என்று மூன்று மாதமாக என்னை வெளியே நிறுத்தியவன். செவ்வாய்க்கிழமை அவனுடைய சொந்த பிக்கப்பே ஸ்ராட் ஆகவில்லை. குளிரில் எஞ்சின் விறைக்காமல் இருக்க, அதற்குள் மின்சார ஹீற்றர் ஒன்று பூட்டியிருப்பார்கள். அது எரிந்துவிட்டது. எங்கே இருக்கிறதென்று ஒரு மணித்தியாலம் தேடினான். நான் பார்த்துக்கொண்டே பனி அள்ளினேன்.

கடைசியில், "அல்பேட் அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றான்.

"உரத்துச் சொல்லும். எல்லாருக்கும் கேக்கட்டும்."

சொன்னான்.

முன்னால் தொங்கிய ஹீற்றர் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஸ்ராட்டருக்குப் பின்னால் இருந்தது. எஞ்சின் தண்ணீரை வடித்து, பழையதைக் கழற்றி, புதியதைப் பூட்டினேன். எரிந்ததை அவனுடைய மேசையில், சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். நன்றி சொன்னான். எனக்கு அது போதாது.

முதலாளி பார்த்துக்கொண்டு நின்றவர். மெக்கானிக் சான்றிதழைக் காட்டினால் குலேந்திரனுடைய இடத்தை எனக்குத் தருவாராம். அவனுக்கு இன்னும் தெரியாது.

மகளைப் பேசவைத்து ஒரு கசற்றில் பதிந்து அனுப்பு. அறையில் கதைக்க ஆளில்லை. பெட்டியின் அடியில் இருக்கும் சான்றிதழையும் கொழும்புக்குப் போகிறவர்கள் யாரிடமாவது உடனே கொடுத்து, அங்கிருந்து எனக்குத் தபாலில் போடச் சொல். அவன்மேல் எனக்கு இரக்கம் வருவதற்குள் அது வந்து சேரவேண்டும்.

வேலைக்குப் போகிற பஸ் வருகிறது, நிறுத்துகிறேன்.

உன்
அல்பேட்