தங்கச்சி வெளியே நின்ற வழக்கு

பிப்ரவரி 6

அன்புள்ள ஜட்ஜம்மாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நான் மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடப்பதால் என் வாயைத் தாங்க முடியவில்லை என்று உன் அண்ணிக்குத்தான் குறை.

என் மனு உங்கள் உச்ச நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. இடது காது கேட்காதவன் பஸ் ஓட்டக்கூடாது என்று லைசென்ஸை ரத்து செய்தார்களே, அந்த வழக்குதான். காதில் மிஷின் வைத்து ஓட்டிக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். சோதித்துப் பார்க்கவே மாட்டோம் என்றுவிட்டார்கள். கீழ்க் கோர்ட்டும் விதி விதிதான் என்றுவிட்டது.

ஒன்பது நீதிபதிகளில் நாலு பேர் சரி என்றால் வழக்கை எடுத்துக்கொள்வீர்களாமே? "ஒண்ணு நம்ம கையில இருக்கு, இன்னும் மூணுதான்"னு டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டேன். ஸ்டியரிங் பிடிக்காமல் கை நமநமக்கிறது, தங்கச்சி.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதல் வேலையாக டிப்போவுக்குப் போய் அந்தக் கணக்கை அழித்துவிட்டு வா. உன் மனு வரும்போது நான் அறையில் இருக்க மாட்டேன்.

இங்கே ஆயிரக்கணக்கில் மனுக்கள் வருகின்றன. உதவியாளர்கள் சுருக்கி எழுதித் தருவதில் பெரும்பாலானவை பேச்சுக்கே வராமல் உதிர்ந்துவிடும். அநியாயம் நடந்தது என்பது மட்டும் போதாது. ஒரே விதிக்குக் கீழ்க் கோர்ட்டுகள் வேறுவேறு அர்த்தம் சொல்லியிருந்தால்தான் பெரும்பாலும் எடுப்போம். பேசும் அறைக்குள் எங்கள் ஒன்பது பேரைத் தவிர ஈ காக்கா நுழையக்கூடாது. கதவு தட்டப்பட்டால் கடைசியாகச் சேர்ந்தவர்தான் எழுந்து திறக்க வேண்டும். அது நான். உன் மனுவின்போது நான் வெளியே நிற்பேன், எனக்கு முந்தியவர் முணுமுணுத்துக்கொண்டே போய்த் திறப்பார்.

லீவு நாளெல்லாம் வண்டி ஓட்டி என்னைச் சட்டம் படிக்க வைத்தவன் நீ. நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே உன்னால்தான். அதற்கு நன்றி சொல்லி மாளாது, அண்ணா. ஆனால் அந்த நன்றியை அறைக்குள் கொண்டுபோக எனக்கு உரிமை இல்லை. வழக்கைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.

உன் தங்கை

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

தள்ளுபடி. எடுத்திருக்க வேண்டும் என்று மூன்று நீதிபதிகள் தனியாகக் கருத்து எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஆள் குறைந்துவிட்டது.

டிப்போவில் யாரும் என் கணக்கைச் சொல்லிக் கேலி செய்யவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணா,

இது ஒன்று மட்டும். கோபித்துக்கொள், உனக்கு இல்லாத உரிமையா? நானும் அழுதேன். அண்ணியிடம் எரிந்து விழாதே.

தங்கை

மறு வருஷம், ஜூலை 18

என் ஜட்ஜம்மாவுக்கு,

உனக்குத் தெரிந்த சேதிதான், ஆனாலும் நான் சொல்ல வேண்டாமா? என்னைப்போல ஒரு காது கேட்காத லாரி ஓட்டும் அம்மா ஒருவர் வேறொரு ஊரில் வழக்குப் போட்டார். என் மனுவில் அந்த மூன்று பேர் எழுதியதை அவர் வக்கீல் எடுத்துக் காட்டினார். சோதித்துப் பார்க்காமல் லைசென்ஸைப் பறிக்கக்கூடாது என்று அந்த ஊர்க் கோர்ட் சொல்லிவிட்டது. இரண்டு கோர்ட், இரண்டு அர்த்தம். நீ சொன்னபடியே உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐந்துக்கு மூன்று, அந்த அம்மா பக்கம். அதை வைத்து என்னையும் சோதித்தார்கள். லைசென்ஸ் நேற்று கைக்கு வந்தது. உன் அண்ணிக்குத்தான் என்னைவிடச் சந்தோஷம்!

வக்கீல் தீர்ப்பை நீட்டியதும் நான் முதலில் தேடியது உன் பேரை. இந்த வழக்கில் நீ பங்கேற்கவில்லை என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஜெயித்த கதையையே படித்தேன். நீ உள்ளே இருந்திருந்தால் எனக்கு இந்த லைசென்ஸ் ருசித்திருக்காது. உன்னைப் படிக்க வைத்தது வீண்போகவில்லை. ரொம்ப நன்றி, தங்கச்சி.

திங்கட்கிழமை முதல் ஓட்டம். நீ கட்டாயம் வர வேண்டும். ஆனால் டிக்கெட் எடுத்துக்கொண்டு உட்கார். டிரைவரின் தங்கச்சி என்று கண்டக்டரிடம் வாயைத் திறந்தாயோ, நான் வண்டியை எடுக்க மாட்டேன்.

அண்ணன்