கோரைக்குளக் கரையில் நிற்பதாகச் சொல்லப்படும் அண்ணனுக்கு

எங்கே இருக்கிறாய் என்று தெரியாத என் செல்ல அண்ணா,

முதலில் குளத்துச் செய்தி. அதைக் கேட்காமல் நீ வேறெதையும் காதில் வாங்கமாட்டாய். இந்த வருஷம் உய்யக்கொண்டான் கால்வாயில் தண்ணீர் விட்டதும் நம் வாய்க்கால் வழியாக அடைப்பில்லாமல் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக்காரர்கள் இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நடுவில் இருக்கும் கோரையை மட்டும் யாரும் தொடுவதில்லை. நீர்க்கோழி கூடு கட்டும் இடம் அது என்று நீ போட்ட சண்டை எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

முக்குளிப்பான் குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிச் சவாரி போகின்றன. எல்லாம் இருக்கிறது, நீதான் இல்லை.

அல்லது இருக்கிறாயா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நீ போன கொஞ்ச நாளில், பழைய வீட்டை இடித்த செங்கல் குப்பையோடு ஒரு குட்டி யானை லோடு வண்டி பொழுது சாயும் நேரத்தில் கரைக்கு வந்ததாம். கொட்டுவதற்காக டிரைவர் இறங்கினால், நாவல் மரத்தடியில் நீ நிற்கிறாயாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்னப்பா, சாப்டியா?" என்று கேட்டாயாம். அவன் மெயின் ரோடு வரைக்கும் ரிவர்ஸிலேயே போய்விட்டான். மறுநாள் தென்னூர் டீக்கடைகளில் இதே பேச்சு.

உயிரோடு இருந்தபோதும் நீ அப்படித்தானே. லோடு வண்டிக்கு முன்னால் போய் நின்று, சாப்பாட்டை விசாரித்து, வந்தவனைக் கூசவைத்துத் திருப்பி அனுப்புவாய். சிலர் திரும்புவார்கள். சிலர் உன்னைத் தள்ளிவிட்டுக் கொட்டிவிட்டுப் போவார்கள். செத்த பிறகுதான் உன் பேச்சுக்கு முழு மரியாதை வந்தது. அதற்கப்புறம் கரையில் ஒரு லோடுகூட விழவில்லை. உன்னைப் பார்த்ததாகச் சொல்லும் டிரைவர்கள் மட்டும் பெருகிக்கொண்டே போனார்கள்.

எனக்குக் கோபமான கோபம். உன் உயிர் போனது தில்லை நகர் ஆஸ்பத்திரியில், என் கையைப் பிடித்துக்கொண்டு. கூடப்பிறந்தவள் நான் இருக்கும்போது, ஊர் பேர் தெரியாத வண்டிக்காரனுக்கு முகம் காட்டுவாயா? எனக்கு ஒரு தரம் காட்டினால் குறைந்தா போவாய்?

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் நாவல் மரத்தடிக்குப் போய் நிற்க ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வண்டி ஒன்று வந்து, நின்று, அவசரமாகத் திரும்பிப் போவது சில நாள் தெரியும். நீ எதிர்க்கரையில் நிற்கிறாய் போலிருக்கிறது என்று நான் அங்கே ஓடுவேன். அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். தண்ணீரில் ஏதாவது துள்ளும், நான் "அண்ணா" என்பேன். உனக்குக் கேட்டதா?

இப்படியே உன் வருஷத் திதி வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபப் படித்துறையில் முறையாகச் செய்துவிடலாம், பையன் பெங்களூரிலிருந்து வருகிறான் என்றார்கள் அண்ணி. உன்னோடு குளக்குழுவைத் தொடங்கிய பஷீர் பாய், ஹார்ட்வேர் கடையைப் பூட்டிவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"திதி குடுங்கம்மா, வேணாங்கல. அஞ்சலி போஸ்டர் மட்டும் ஒட்டாதீங்க. அவர் சாந்தியாயிட்டார்னு வண்டிக்காரங்களுக்குத் தெரிஞ்சா மறுபடி வந்துருவாங்க. வாய்க்கால் வாயை மூடிட்டா அப்புறம் குளம் இல்ல, மனைதான்."

"பாய், நீங்க இதெல்லாம் நம்புறீங்களா?" என்றேன்.

"மௌத்தானவங்க திரும்ப மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. ஆனா ஒரு லோடுகூட விழலையே, அதுவும் தெரியுது."

நானும் சேர்ந்துகொண்டேன். திதியையே கொஞ்சம் தள்ளிப் போடலாமா அண்ணி என்றேன். பாய்க்குக் குளத்துக் கவலை. எனக்கோ, எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டால் நீ ஒரேயடியாகப் போய்விடுவாயே என்ற பயம்.

அண்ணி எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "உயிரோட இருந்தப்பதான் வீடு தங்கல. செத்தும் அவரைக் காவலுக்கு நிக்க வைக்கிறீங்களா? உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?"

அண்ணி சொன்னபடியே திதி நடந்தது. காவிரியில் பிண்டம் கரைந்தது. குளத்து மதகுச் சுவரிலேயே போஸ்டர் ஒட்டச் சொன்னார்கள் அண்ணி. நீ சிரிக்கும் படம், கீழே பெரிய எழுத்தில் ஆன்மா சாந்தியடைந்த செய்தி. மறுநாள் காலையில் வாய்க்கால் வாயில் ஒரு லோடு செங்கல் குப்பை கிடந்தது.

அன்று சாயந்திரமும் நான் போனேன். எதற்கு என்று கேட்காதே, கால் போயிற்று. ஒரு வண்டி தைரியமாகக் கரை மேலேயே ஏறி வந்தது. இறங்கிய டிரைவர் என்னைப் பார்த்ததும் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா... நீங்க சாந்தி ஆயிட்டீங்கன்னு போஸ்டர் போட்ருக்காங்களே ஐயா!"

"யாருப்பா ஐயா? நான் அவரோட தங்கச்சி."

செல்போன் வெளிச்சத்தை என் மேல் அடித்துப் பார்த்தான். "நீங்களாம்மா? தினம் இந்த மரத்தடியில வெள்ளையா நிக்கிறது நீங்கதானா? எத்தனை பேரு உங்களப் பாத்துட்டு ஜுரத்துல படுத்தோம் தெரியுமா!"

கொசுக்கடிக்காக உன் வெள்ளை முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டையும் சுற்றிக்கொண்டுதான் நான் போவது வழக்கம். வருஷம் முழுக்க உன்னைத் தேடி நின்ற என்னைத்தான் அவர்கள் நீ என்று பார்த்திருக்கிறார்கள். நீ ஒரு நாளும் வரவில்லை. நீ செத்துப்போனாய் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது அண்ணா. கருமாதியில்கூட வராத அழுகை வந்தது. அவன் கொட்டவிருந்த இடத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அழாதீங்கம்மா, நான் போயிடறேன், சத்தியமா போயிடறேன்" என்று சொல்லி லோடைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் பாயிடமும் அண்ணியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி என் தலையைத் தடவிவிட்டு, சாயந்திரம் என்னோடு கரைக்கு வந்தார்கள். மஃரிப் தொழுகை முடிந்ததும் பாயும் வந்தார். இப்போது வீட்டுக்கு வீடு முறை வைத்து, பொழுது சாய்ந்தால் நாலு பேர் நிற்கிறோம். வாய்க்கால் வாயில் கிடந்த செங்கலைக் கூடைகூடையாக எடுத்துவிட்டோம்.

ஒன்றுதான் விளங்கவில்லை. அந்த முதல் டிரைவர் பார்த்தானே, அது நான் இல்லை. அப்போது நான் கரைப் பக்கமே வரவில்லை, வீட்டில் சுருண்டு கிடந்தேன். அவனிடம் பேசியது யார்?

நீதான் என்றால் பதில் சொல்ல வராதே. இனி உன்னை எதிர்பார்த்து அந்த மரத்தடியில் நிற்கமாட்டேன், இது உன் மேல் சத்தியம். ஆனால் நிற்பேன். என் காலில் தெம்பு இருக்கும் வரை வண்டிக்காரர்கள் உயிரோடு இருக்கும் ஒருத்தியைத் தாண்டித்தான் குளத்துக்குப் போகவேண்டும். நீ போ அண்ணா.

உன்னை வழியனுப்ப இவ்வளவு நாள் எடுத்துக்கொண்ட
உன் தங்கை,
சரசு