சுமையோடு நின்ற கால்

டியூப் ஒட்டுகிற சொலுசன் வாடை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. சவர்க்காரம் போட்டு மூன்று தடவை தேய்த்தாயிற்று. சோற்றைப் பிசைந்தாலும் அதுதான், தலையை வாரினாலும் அதுதான். பத்து வருஷமாக இந்த வாடையை என் வீட்டுக்குள் விட்டதில்லை. நீ போன அன்றைக்கே குத்தூசி, நூல் கண்டு, டயர்த் துண்டு எல்லாவற்றையும் சாக்கில் கட்டி விறகுக் கொட்டிலில் போட்டவள் நான். இனிமேல் அறுந்த செருப்பைக்கூடத் தைப்பதில்லை என்று இருந்தேன். உன் மகள் வந்து அதைக் கெடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, மழை கொஞ்சம் விட்டிருந்த நேரத்தில் என் வாசலில் வந்து நின்றாள். கையில் நான் தைத்துக் கொடுத்த உன் சப்பாத்து. உன் வீட்டுக்காரர் பரணில் சுற்றி வைத்திருந்ததை எப்படியோ கண்டுபிடித்து இறக்கியிருக்கிறாள்.

"சித்தி, நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கிழமை கொழுந்தெடுக்க மலைக்குப் போறேன், தோட்டத்துல பேர் பதிஞ்சாச்சு. கடைச் சப்பாத்து ஒன்னும் எனக்கு ஏற மாட்டேங்குது. அம்மாவோடத போட்டுக்கிறேன். கயிறு மட்டும் மாத்திக் குடுங்க."

கடைச் சப்பாத்து ஏறாதுதான். இடது காலில் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஆறாவது விரல், வெளியே எட்டிப் பார்த்தபடி. உன்னுடையதை அப்படியே வாங்கி வைத்திருக்கிறாள். அந்தச் சப்பாத்து அவள் காலில் ஏறக்கூடாது. "வச்சிட்டுப் போ கண்ணு, பாக்குறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அதைத் தைக்க உட்கார்ந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா நமக்கு. நீ மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தாய், நான் பிள்ளைக்காம்பராவில் மற்றவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயந்தரம் நீ வரும்போது ரப்பர் செருப்பு முழுக்க ரத்தமாக இருக்கும். அட்டை கடித்தது உனக்குத் தெரியவே தெரியாது. உன் மகள் உன் காலை மடியில் வைத்து, விரல் இடுக்கில் ஒவ்வொன்றாகத் தேடி உப்பு வைப்பாள். அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டு மேசையில் வைத்துப் பூட்ஸ் தைப்பதைப் பார்த்தோம். "அவன் வாய் பேசுறது ஒன்னும் வெளங்கல. கை பேசுறது வெளங்குதுடி" என்றாய். அவ்வளவுதான், மறுநாளே சைக்கிள் கடை நானாவிடம் பழைய டியூபும் லொறி டயரும் கேட்டு நின்றோம். நாம் தைத்த முதல் ஜோடியில் இரண்டுமே இடது காலாக வந்தது. நீ சிரித்துச் சிரித்து இருமினாய்.

தைப்பதற்குக் கால் அச்சு வேண்டும். நமக்கு ஏது மர அச்சு? தட்டில் களிமண்ணைப் பரப்பி உன் காலை அழுத்தச் சொன்னேன். அந்தக் குழியில் சீமெந்தை ஊற்றி எடுத்தால் பாதம் அப்படியே வரும் என்பது என் யோசனை. நீ எழுந்து, கொழுந்துச் சாக்கைத் தேடினாய். "மலையில நான் ஒக்காந்துக்கிட்டா இருக்கேன்? சுமையோட நிக்கும்போது அளவ எடு" என்றாய். நின்றால் களிமண் பிதுங்கி அச்சு கெட்டுப்போகும் என்று நான்தான் உன்னைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தேன். உட்கார்ந்த காலைத்தான் சீமெந்தில் எடுத்தேன். அதன் மேல் டியூபை இழுத்துக் கட்டி, முழங்காலுக்குப் பாதி உயரம்வரை கயிறு வைத்துத் தைத்தேன். அட்டை உள்ளே போக ஊசிமுனை இடமில்லை. எனக்குப் பெருமையென்றால் அப்படியொரு பெருமை.

ஒரு வாரம் போட்டாய். "பத்து மணிக்கு மேல கொஞ்சம் புடிக்குதுடி" என்றாய். போகப் போகத் தளரும் என்று நான் பெரிய சப்பாத்துக்காரி மாதிரி சொன்னேன்.

எட்டாம் நாள் மலையில் குளவிக் கூடு கலைந்தது. கூட இருந்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள். நீதான் முன்னால் ஓடினாயாம். தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டிவிட்டாயாம். "ஓடிக்கிட்டு இருந்தவ என்னமோ குனிஞ்சா. ஏன் குனிஞ்சான்னு தெரியல." குளவி கொட்டிச் செத்த உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இடது சப்பாத்தின் கயிறு பாதி அவிழ்ந்திருந்தது. அதைப் பார்த்த எல்லாரும் அழுதார்கள். அது என்னவென்று எனக்கு மட்டும் விளங்கியது. ஆறாவது விரலை நசுக்கிக்கொண்டிருந்த சப்பாத்தைக் கழற்றிப்போட்டு ஓட நினைத்திருக்கிறாய். கயிறு விடவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா நீ தச்ச சப்பாத்துலதான் போனா தங்கச்சி" என்று அழுதார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றைக்கு நான் செத்திருக்கலாம்.

உன் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சோறு இறங்கவில்லை. யார் ஊட்டினாலும் வாயில் வைத்துக்கொண்டே வாசலைப் பார்ப்பாள். "அம்மா வரட்டும்" என்பாள். நாளாக ஆக அவள் கழுத்தெலும்பு தெரிந்தது.

நம் லயத்தில் கருமாதிக்கு முதல் நாள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். செத்தவர் படுத்த அறையில் அரிசிமாவைச் சலித்துப் பரப்பி, விளக்கும் தேத்தண்ணியும் ரொட்டியும் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, காலையில் திறந்து பார்ப்பார்கள். கோழிக்கால் மாதிரி, பூனைக்கால் மாதிரி எதையாவது கண்டு வந்துவிட்டார் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வார்கள். முழு மனிதக் காலை யாரும் பார்த்ததில்லை. மாவு பரப்பும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சல்லடைக்கு அடியில் துணியில் சுற்றி உன் இடது சீமெந்துக் காலைக் கொண்டுபோனேன். பொழுது சாயுமுன்னே எல்லாம் முடிந்தது. கடைசியாக வெளியே வரும்போது குனிந்து, வாசற்படிக்கு உள்ளே ஒரே ஒரு தடவை அழுத்தினேன். ஆறு விரல், உள்ளே நுழைகிற மாதிரி. உன் வீட்டுக்காரர் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

காலையில் கதவைத் திறந்ததும் வாசற்படிக் காலடியைப் பார்த்து எல்லாரும் கும்பிட்டார்கள். உன் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் தலையைத் தூக்கவில்லை. உன் மகள்தான் பெரியவர்களுடைய இடுப்புக்கு நடுவே புகுந்து எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய் அடுப்படியில் உட்கார்ந்து, "சோறு போடுங்க" என்றாள்.

மாவை அள்ளி ஓடையில் விடுவதற்கு நான் மட்டும் உள்ளே போனேன். அப்போதுதான் கண்டேன். மூலையில், நீ கொழுந்துச் சாக்கை இறக்கி வைக்கிற இடத்தில், மாவில் இரண்டு காலடிகள் சேர்ந்து நின்றிருந்தன. என் அச்சுக்கும் அதற்கும் நடுவில் மாவு அப்படியே கிடந்தது, ஒரு அடிகூட யாரும் எடுத்து வைத்த தடமில்லை. குதிகால் தரைவரை இறங்கியிருந்தது. விரல்கள் விரிந்து, ஆறாவது விரல் தனியாக வெளியே போயிருந்தது. என் கை சும்மா இருக்கவில்லை. சாக்கில் கட்டாமல் இடுப்பிலேயே தங்கிப்போன ஒரு துண்டுத் தையல் நூலை எடுத்து நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு போட்டது. வீட்டுக்கு வந்து சீமெந்துக் காலின் மேல் நூலை வைத்தேன். நீளத்தில் ஒரு நெல்லளவு வித்தியாசம். அகலத்தில் ஒரு பெருவிரல் கூடுதல்.

சுமையோடு நிற்கும்போது அளவெடு என்றாய். எடுக்கவில்லை. நீயே வந்து நின்றுகொண்டாய். நீ அப்படித்தான், சொன்னதைச் செய்ய வைக்காமல் விடமாட்டாய்.

அந்த நூலைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சீமெந்துக் கால்கள் அரிசிப் பெட்டிக்கு அடியில் இருக்கின்றன. மழைக்காலத்தில் சீமெந்து வேர்க்கும், அது அதன் குணம். ஆனால் இடது கால் மட்டும்தான் வேர்க்கும். வலது காலைத் தொட்டால் காய்ந்தே இருக்கும். பத்து வருஷமாகக் காலையில் அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பழந்துணியால் அதைத் துடைத்துவிடுகிறேன். பயமாகத்தான் இருக்கும். துடைக்காமல் இருக்க அதைவிடப் பயம்.

இந்த வாரம் விறகுக் கொட்டிலில் இருந்து சாக்கை எடுத்து அவிழ்த்தேன். நானாவிடம் புது டியூபும் சொலுசனும் வாங்கினேன். சீமெந்துக் காலின் பக்கவாட்டில் களிமண்ணை அப்பி, நூலின் முடிச்சுவரை அகலப்படுத்தினேன். உன் மகளின் காலை நான் அளக்கவே இல்லை. அளக்கத் துணிவில்லை. நூல் சொன்னபடி வெட்டினேன், நூல் சொன்னபடி தைத்தேன். ஐந்து நாள் ஆயிற்று.

இன்றைக்கு மத்தியானம் வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்து, "கொஞ்சம் லூசா இருக்கே சித்தி" என்றாள். நான் கொழுந்துச் சாக்கில் ஈர விறகை நிரப்பி வைத்திருந்தேன். அதைத் தூக்கி அவள் முதுகில் மாட்டி, கயிற்றைத் தலையில் போட்டு நிற்கச் சொன்னேன். நின்றாள். இரண்டு அடி நடந்தாள்.

"இப்ப சரியா இருக்கு. நீங்க எனக்கு அளவே எடுக்கலையே. யாரு அளவு இது?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை உட்கார வைத்து அளந்ததை, பிடிக்குது என்றபோது உன் வாயை அடைத்ததை, நீ ஏன் குனிந்தாய் என்பதை, வாசற்படியில் நான் வைத்த பொய்க் காலை. சொல்லும்போது அவள் சாக்கை இறக்கவே இல்லை. இனிமேல் என் வாசல் மிதிக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"வாசல்ல இருந்தது அம்மா கால் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும் சித்தி" என்றாள். "தெனம் அம்மா கால மடியில வச்சி அட்டை பாத்தவ நான். கொழுந்து நிறுக்குற மடுவத்துல மூட்டையோட நிக்கும்போது அந்த வெரல் எப்படி வெளிய போகும்னு எனக்குத் தெரியாதா? மூலையில நின்னதுதான் அம்மா. அதப் பாத்துட்டுதான் நான் சோறு கேட்டேன்."

பிறகுதான் சாக்கை இறக்கி வைத்தாள். என் மேல் கோபமா என்று கேட்டேன். "கோவந்தான்" என்றாள். "இருந்தாலும் போட்டுக்கிறேன்."

அவள் போனபிறகு அச்சின் மேல் அப்பிய களிமண்ணைச் சுரண்டி எடுத்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இடது கால் காய்ந்திருந்தது. தடவித் தடவிப் பார்த்தேன், ஈரமே இல்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

நாளைக்குத் திங்கட்கிழமை. அவள் விடியப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய், அங்கிருந்து நீ போன அதே மலைக்குத்தான் போகிறாள். நூலை மறுபடி சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன், நான் இருக்கும்வரை அது அங்கேதான் இருக்கும். உன்னிடம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். இந்தச் சப்பாத்தில் கயிறு வைக்கவில்லை. மேல்விளிம்பில் டியூப் பட்டை, குதிகாலில் ஒரு காது. ஓடும்போது மற்றக் காலால் மிதித்து இழுத்தால் தானாகக் கழன்றுவிடும். நானே போட்டு ஓடிப் பார்த்தேன். உன் மகள் குனிய வேண்டியதில்லை.