நீலக் குடை கதவுக்குப் பின்னால் இருக்கிறது

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம். உன்னிடம் நடைப்பயிற்சிக்கு வரும் முழங்கால்காரர்கள் எல்லாம் எழுந்து நடக்கிறார்களா? இருபத்தைந்து வயதுக்காரியைக் கடிதத்தின் தலையிலேயே பாப்பா என்று அழைத்தால் உனக்கு மூக்குமேல் கோபம் வரும். உறையின் மேல் முழுப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை.

தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன வாரம் ஒன்று கேட்டாயே, ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்ளட்டுமா என்று. நான் உன் இஷ்டம் என்றேன். "நீ உன் இஷ்டம்னு சொன்னா உனக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தம்மா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, நோயாளி கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டாய். எந்த நோயாளியும் கூப்பிடவில்லை. உன் குரல் சுவரில் மோதித் திரும்பிய விதத்திலேயே தெரிந்தது, நீ நின்றுகொண்டிருந்தது மாடிப்படி இடுக்கில். முழங்கால் உடைந்தவருக்கு மாடிப்படியில் என்ன வேலை?

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் வேலையிடத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிப் பதில்தான் ஆகும். போனில் ஏன் சொல்லவில்லை என்பதும் படிக்கும்போது புரிந்துவிடும்.

முதலில் வீட்டுச் சமாசாரம். குளியலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டதாக அப்பா மார்தட்டிக்கொள்கிறார். எனக்கு இன்னும் சொட்டுச் சத்தம் கேட்கிறது. சொன்னால், "அது உனக்கு மட்டும் கேக்குற சொட்டு. நீயே ரிப்பேர் பண்ணிக்க" என்கிறார். கண்ணாடிக் கடையில் வியாபாரம் நன்றாகப் போகிறது. ஊரார் கண்ணை அவரும் காதை நானும் பார்த்துக்கொள்கிறோம், குழாயைப் பார்க்கத்தான் ஆளில்லை. உன் அறைக் கட்டிலில் பழைய கண்ணாடிச் சட்டங்களை அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அடுக்கியிருக்கிறார். திட்டினேன். நீ வருகிற நாள் தெரிந்தால் ஒரே மணி நேரத்தில் காலி செய்துவிடுவாராம்.

இனி கூத்து. எங்கள் ஒலிச் சோதனைக் கூடம் உனக்கு நினைவிருக்கும். சுவரெல்லாம் பஞ்சு முக்கோணங்கள் ஒட்டிய அமைதி அறை, அதன் நடுவில் இரண்டு ரப்பர் காதுகளோடு உட்கார்ந்திருக்கும் பொம்மைத் தலை. காதுக்குள்ளே மைக் வைத்த அந்தத் தலைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததே நீதான். எல்லோரும் சுற்றி நின்று கவனிக்கிறார்கள், அவரோ வாயே திறப்பதில்லை என்றாய். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. போன மாதம் மாப்பிள்ளைக்குக் காது மாற்றினோம். புதுக் காதோடு முறுக்காக உட்கார்ந்திருக்கிறார்.

இந்த முறை சோதனைக்கு வந்தவை மேசைமேல் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்கள், நான்கு. தூரத்தில் இருக்கிறவர்களோடு வீட்டிலிருந்தே பேசுவதற்கானவை. பாட்டு எப்படிக் கேட்கிறது என்பது இங்கே முக்கியமில்லை. பேச்சு கேட்கும்போது ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மாப்பிள்ளை அளவெடுத்து வளைகோடு போட்டுத் தருவார். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் என்பதை அவரால் சொல்ல முடியாது. அதற்குத்தான் மனிதக் காது. நாங்கள் ஆறு பேர் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்காருவோம். திரைக்குப் பின்னால் எல்லா ஸ்பீக்கரையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் உரக்கப் பேசுவதுதான் நல்லது என்று காது ஏமாந்துபோகும். பிறகு பெயர் தெரியாத சிலரின் பதிவுசெய்த குரல்கள் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மாறி மாறி ஒலிக்கும். நாங்கள் பத்துக்கு மார்க் போட்டு, பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும்.

நான்கோடு சேர்த்து இரண்டு பொறிகளும் உண்டு. ஒன்று, கூடத்திலேயே உயர்ந்த பெரிய ஸ்பீக்கர். அதில் மூலக் குரல் அப்படியே வரும். இன்னொன்று, வேண்டுமென்றே கெடுத்த ஒலி. கனத்த கீழ்ச்சத்தத்தையும் கீச்சென்ற மேல்சத்தத்தையும் வெட்டி, போனில் வருகிற மாதிரி ஒல்லியாக்கியது. மூலத்துக்கு மட்டமான மார்க்கும் கெட்டதற்கு நல்ல மார்க்கும் போடுகிற ஆளைக் குழுவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. இந்த விதியைக் கொண்டுவரச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றவள் யார் தெரியுமா? நானேதான்.

சோதனை முடிந்த மறுநாள் கூடத்தின் பொறுப்பாளர் கூப்பிட்டார். நீ கறார் ஆன்ட்டி என்பாயே, அவர்தான். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. "பொறியில ஒருத்தர் விழுந்துட்டாங்க" என்றார். யார் என்று கேட்டேன். யாரோ புதுசாக வந்தவராக இருக்கும், எப்படிப் பக்குவமாகச் சொல்லி அனுப்புவது என்று மனசுக்குள் வார்த்தைகூடத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் என்னுடைய மார்க் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

பாப்பா, விழுந்த ஆள் நான்தான். மூலத்துக்கு ஐந்தும் கெட்டதற்கு ஒன்பதும் போட்டிருந்தேன். வயதானால் காதில் மேல்சத்தம் முதலில் போகும் என்று எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அது நம் வீட்டுக் கதவையும் தட்டும் என்று நினைத்ததில்லை. காது போனால் எனக்கு அங்கே என்ன வேலை? போய் மாப்பிள்ளைக்குத் துடைத்துவிட வேண்டியதுதான். இந்த வேலை எனக்கு வெறும் வேலை இல்லை என்பது உனக்குத் தெரியும். உலகத்தோடு எனக்கு இருக்கிற உறவே காது வழியாகத்தான் என்று சில நாள் தோன்றும்.

எழுந்து நேரே கேட்புச் சோதனைக்கான சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்தேன். சின்னச் சின்னக் கூவல் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். வெளியே வந்தபோது பொறுப்பாளர் முகம் தெளிந்திருந்தது. "உங்க காது இன்னும் பாம்புக் காதுதான். போங்க" என்றார். அப்படியானால் அந்த ஐந்தும் ஒன்பதும் எப்படி வந்தன?

அதைக் கண்டுபிடித்தவர் திரைக்காரர். திரைக்குப் பின்னால் நின்று சுவிட்ச் மாற்றுகிறவர், உனக்கு மிட்டாய் கொடுப்பாரே. என் மார்க்குகளை விரலால் தடவிக்கொண்டே போனவர், "மேடம், மத்த குரல்ல எல்லாம் அச்சு மாதிரி சரியா இருக்கீங்க. மூணாவது குரல்ல மட்டும் கவுந்திருக்கீங்க. அப்படி என்ன பண்ணுச்சு அந்தப் பொண்ணு உங்களை?" என்றார். மூன்றாவது குரலின் முழுப் பதிவையும் பெரிய ஸ்பீக்கரில் போட்டார்.

"நீலக் குடை கதவுக்குப் பின்னால் இருக்கிறது. மருந்துக் கடை நாளை திறந்திருக்கும். எங்கள் தெருவில் ஏழு விளக்குகள் எரிகின்றன."

பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிப்பதுபோல், எழுத்து எழுத்தாக, கொஞ்சம் மூக்கடைப்போடு ஒரு பெண் குரல். சோதனைக்கு வாக்கியங்களை மட்டும் வெட்டி வைத்திருந்தார்கள். முழுப் பதிவில் அதற்குப் பிறகும் கொஞ்சம் இருந்தது. ஒரு சிரிப்பு. பிறகு, "அம்மா, இந்த ரூம்ல என் வயித்துச் சத்தம் எனக்கே கேக்குது. அதுவும் ரெக்கார்டு ஆயிடுச்சா?"

நினைவிருக்கிறதா? நீ அங்கே போவதற்கு முந்தின வருடம், பேச்சுப் பதிவுக்கு ஆள் போதவில்லை, வீட்டில் இருக்கிறவர்களைக் கூட்டிவாருங்கள் என்று சொன்னார்கள். ஜலதோஷத்தோடு வந்து அந்த உப்புச்சப்பில்லாத வாக்கியங்களை வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனாய். சொந்தக்காரர் குரலுக்கு மார்க் போடக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். ஆனால் பதிவுகளுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான். யாருக்கும் தோன்றவில்லை. பெற்றவளுக்கே தோன்றவில்லையே.

என் மார்க்குக்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்ததைப் பொறுப்பாளர் வாசித்துக் காட்டினார். மூலக் குரலுக்கு: "கனம் கூடுதல். செயற்கையாக இருக்கிறது. யாரோ போல." கெடுத்த ஒலிக்கு: "மிக இயல்பு. பக்கத்தில் இருப்பதுபோல." அந்தக் கெட்டதைக் கேட்டபோது இந்தப் பெண் நம் பாப்பா மாதிரிப் பேசுகிறாளே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய ஸ்பீக்கரில் நீ நீயாகவே வந்து நின்றபோது மட்டும் அடையாளம் தெரியவில்லை.

எல்லோரும் சிரித்தோம். திரைக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பொறுப்பாளர் அந்தக் குரலின் மார்க்குகளை மட்டும் நீக்கிவிட்டு, என்னைக் குழுவிலேயே வைத்துக்கொண்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையைக் கடந்து போகும்போது அவர் ரப்பர் காதைத் திருகிவிட்டுப் போனேன். உனக்கு மகளா இருக்கிறாள், நீ ஏன் ஏமாறப்போகிறாய் என்று.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, "என் கடையிலயும் இதேதான். தப்பான பவர் கண்ணாடியை வருஷக்கணக்கா போட்டுப் பழகினவங்களுக்குச் சரியான பவரைக் குடுத்தா, தலை சுத்துது, இது வேணாம், பழசையே குடுங்கன்னு சண்டைக்கு வருவாங்க" என்றார். அவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நாலு நாள் போட்டுட்டு வாங்கன்னு அனுப்புவேன். அப்புறம் பழசைக் குடுத்தாலும் வாங்க மாட்டாங்க" என்றார்.

நான் நிறைய யோசித்தேன். ஒன்றரை வருடமாக உன் குரல் எனக்குக் கீழும் மேலும் வெட்டித்தான் கிடைக்கிறது. அது போதாது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா, எந்த நோயாளி இன்று முதல் அடி வைத்தார், எல்லாம் அந்த ஒல்லிக் குரலில் வந்து என்னை நிறைத்துவிடும். நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்பதுகூட அதில் தெரிந்துவிடும். அதனால் நான் குறைப்படவில்லை, இதை நீ நம்ப வேண்டும். காது நல்லபடியாகச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நன்றாகச் சமாளிக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அந்த இரண்டு வருடத்துக்கு ஒப்புக்கொள். இது உன் இஷ்டம் இல்லை, என் இஷ்டம். போன மாதம் அந்தக் கட்டடத் தொழிலாளி கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆறு அடி நடந்ததைச் சொன்னாயே, அப்போது நீ மூச்சு விடாமல் பேசினாய். இங்கே இருந்த எந்த நாளிலும் நீ அப்படிப் பேசியதில்லை. அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்பாவுக்கும் இதில் சம்மதம்தான். கேட்டால் தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கட்டும்.

எங்கள் கூடத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. பேச்சுச் சோதனை தொடங்குவதற்கு முன் யாராவது ஒருவர் எங்கள் முன்னால் உட்கார்ந்து, மைக் இல்லாமல், ஸ்பீக்கர் இல்லாமல், வெறும் வாயால் செய்தித்தாளை வாசிப்பார்கள். நிஜக் குரல் எப்படி இருக்கும் என்பதைக் காதுக்கு நினைவூட்டத்தான். இந்த முறை வாசிக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் அதை விட்டுவிட்டோம். இனி விடுவதில்லை என்று முடிவாகிவிட்டது.

பழைய ஒப்பந்தம் முடிந்து புதியது தொடங்குவதற்குள் உனக்கு விடுப்பு கிடைக்கும் என்று நினைக்கிறேன். கிடைத்தால் நாலு நாள் வந்து போ. சாமான் எதுவும் வாங்கிவராதே. பெரிதாக எதுவும் பேசவும் வேண்டாம். நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிரு. குறை சொன்னாலும் சரி.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நம் வீட்டில் நீலக் குடை எப்போதுமே இருந்ததில்லை. நேற்று அப்பா கடையிலிருந்து வரும்போது ஒன்று வாங்கிவந்து, வாசல் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். அது அங்கேயே இருக்கும். நீ வந்து இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கைபட்டவர்கள் எல்லோரும் நன்றாக நடக்கட்டும்.

என்றும் உன்,
அம்மா