இரண்டாவது துண்டு

ஐப்பசி, வெள்ளி இரவு

தஞ்சாவூரில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட ஓர் அம்மாவின் எலும்பு, பஞ்சுபோலத் துளை நிறைந்தது, இரண்டு துண்டுகளாக என்னிடம் இருந்தது. ஒன்றை நேற்று இயந்திரத்தில் நசுக்கி, அதை வைத்து, எலும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணிக்கும் கணினி மாதிரியைத் திருத்தினேன். இன்னொன்றையும் நசுக்கினால்தான் மாதிரி சரியா என்று தெரியும்.

இன்று அவருடைய மகன் திருத்துறைப்பூண்டியிலிருந்து லேபுக்கே வந்துவிட்டார். துபாயிலிருந்து லீவில் வந்தவராம்.

“எடுத்த எலும்ப அடக்கம் பண்றது எங்க வழக்கம் மேடம். ஆஸ்பத்திரியிலயே பண்ணிடுவாங்கன்னு நெனச்சு உம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. குடுத்துடுங்களேன்.”

“ஒண்ணு நொறுங்கிப் போச்சுங்க.”

“தூளா இருந்தாலும் பரவால்ல.”

இதையும் நசுக்கிப் பார்த்துவிட்டுத் தர, திங்கள்வரை டைம் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. இயந்திரத் தட்டில் ஒட்டியிருந்ததையும் பிரஷால் தட்டி எடுத்து, முழுத் துண்டோடு சேர்த்துக் கொடுத்தேன். கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடிடம் இன்னும் சொல்லவில்லை. கத்துவார். எனக்கே எரிச்சல்தான்.

சாப்பிட்டுவிட்டுக் கணினியைத் திறந்தேன். முன்பே ஸ்கேன் எடுத்து அதில் ஏற்றியிருந்த இரண்டாவது துண்டின் மேல், மழையில் ஊறிய குழிமண்ணின் பாரத்தை ஏற்றிப் பார்த்தேன்.

தாங்குகிறது.